மெல்லலைகளின் நம்பகம்: நுரைச்சோலையை முன்னிறுத்தி ஒரு குறிப்பு

நுரைச்சோலை என்றதும் 900 மெகாவாட் அனல்மின் நிலையமே நினைவுக்கு வரும். அதனைச் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டு மணல் நிலத்திலோ வெங்காயமும் மிளகாயும் கிணற்றுநீரை நம்பி விளைகின்றன. உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே அக்கிணறுகளின் ஆதாரம். மிகையாக இறைப்பின் உவர் மேலெழும். கிணறுதோறும் உவரை அளந்து கம்பியின்றி அறிவிக்கும் சிற்றுணரிகள் இத்தகைய நிலத்துக்குப் பெரிதும் பொருந்துவன. அவை நம்பத்தக்கனவா என்பதே வினா.

இவ்வகை உணரிகள் பல, ஒரு வாட்டின் ஆயிரத்திலொரு பங்கு வலுவுடனேயே அலைகளை அனுப்புகின்றன. விந்தை யாதெனில், அனுப்புவதற்கு வேண்டிய மின்சாரம் ஏறத்தாழ அதே அளவில் செவிமடுத்துக் காத்திருப்பதற்கும் செலவாகின்றது. ஆதலின் இரு மின்கலங்களில் ஆண்டுக்கணக்காக இயங்கவேண்டிய கருவி பெரும்பொழுதை உறங்கியே கழித்தல் வேண்டும்.

செய்தி கருவிக்குக் கருவி கைமாறிச் செல்கின்றது. ஒவ்வொரு கைமாற்றமும் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை வெற்றிபெறுவதாகக் கொண்டால், ஐந்து கைமாற்றங்களைக் கடந்து சேர்வன 59 செய்திகளே. பெற்றமைக்கான மறுமொழி வாராவிடத்து மும்முறைவரை முயலின் அத்தொகை 99ஐத் தாண்டும். ஆயின் இக்கணக்கு, ஒரு தோல்வி மற்றதைச் சாராதது என்னும் எடுகோளில் நிற்பது. அயலிலுள்ள வைஃபை அதே தடத்தை நிரப்பியிருப்பின் மூன்று முயற்சிகளும் ஒருங்கே வீணாகும். 802.15.4 நியமத்துக்கு 2012இல் வந்த திருத்தம் இதனையே எதிர்கொண்டது: கருவிகள் பொதுக் கடிகாரத்துக்கு இசைந்து, குறித்த கணத்தில் விழித்து, 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையின் 16 தடங்களிடையே மாறிமாறி முயல்கின்றன. வலுவைக் கூட்டாது வேலையைப் பகிர்ந்தே நம்பகம் ஈட்டப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

தொழில்நுட்ப விளக்கங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த கோளாறில் நாடே இருண்டது. நுரைச்சோலையின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் நின்றன. அடுத்த நாள்களில் மின்வெட்டு. அத்தகைய வேளையில் மின்கலத்தில் வாழும் உணரி விழித்திருக்க, அதன் செய்தியை இணையத்துக்குக் கடத்தும் வாயிற்கருவி வீட்டு மின்சாரத்தோடு அணைந்துவிடும். மின்நிலையத்தின் நிழலில் வாழும் சிறு விவசாயிக்கும் இதிலிருந்து விலக்கில்லை. வாயிற்கருவிக்குத் தனி மின்கலமும் உணரிக்குச் சேமிப்பு நினைவகமும் வேண்டப்படுவது இதனாலேயே. அச்செலவை யார் ஏற்பது, அளவீடு முதலிற் சேர்வது இறைப்பவரிடமா உரம் விற்பவரிடமா என்பன பொறியியலுக்குப் புறம்பான வினாக்கள் அல்ல.

இணைப்பு அறுந்திருப்பதையே இயல்பெனக் கொண்டு திட்டமிட்டோரும் நம்மிடையே உளர். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி ஆய்வாளர் 2007இல் முன்வைத்த பஸ்நெற் திட்டத்தில், தெருவின் மேடுபள்ளங்களை அளக்கும் உணரிகளைப் பேருந்துகள் சுமந்தன. திரட்டிய தரவும் அவற்றிலேயே பயணம் செய்து நிலையத்திற் கையளிக்கப்பட்டது. கற்பிட்டி வீதிப் பேருந்துக்கும் இது இயலும். மாலை அளந்த உவர் மறுநாட்காலை வந்துசேரினும், அன்று எவ்வளவு இறைப்பதெனத் தீர்மானிக்க அது போதும்.