வண்டி ஐந்தில் ஒன்று குறைந்தால்...

கடைவீதிக்குள் வண்டிகள் வருவதைக் குறைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது வணிகர்களாகிய நம் எல்லோருக்கும் உள்ள அச்சம். சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் கடைக்காரர்களுக்கும் இந்த அச்சம் இருந்தது. அங்கே 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை, வேலை நாட்களில் பகல் வேளையில் நகரின் மையப் பகுதிக்கு வந்து போகும் வாகனங்களுக்கு, நேரத்தைப் பொறுத்து 10 முதல் 20 குரோனர் வரை கட்டணம் விதித்துச் சோதித்துப் பார்த்தார்கள். கூடுதல் பேருந்துகளை 2005 ஆகஸ்டிலேயே விட்டுவிட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

எல்லையைக் கடந்த வாகனங்கள் சுமார் 20 சதவீதம்தான் குறைந்தன. ஆனால் நெரிசலில் காத்துக் கிடக்கும் நேரமோ 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்தது! காரணம் நமக்குத் தெரியாததல்ல. நிமிடத்துக்கு ஒரு பில் போடும் கல்லாவுக்கு நிமிடத்துக்கு ஒருவருக்கு மேல் வந்தால் வரிசை வாசல் வரை நீளும். வருபவர் சற்றுக் குறைந்தாலே வரிசை கரைந்துவிடும். சாலையும் அப்படித்தான்.

நின்று நின்று புறப்படும் வண்டிக்கு எரிபொருளும் அதிகம், புகையும் அதிகம். நகர மையத்தில் வாகனப் புகை 10 முதல் 14 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். (குளிர்காலத்தில் ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டிக் கிளப்பும் தூசி வேறு கதை.)

சரி, வியாபாரம்? விற்பனையை ஆராய்ந்தவர்கள் சொல்லும்படியான பாதிப்பைக் காணவில்லை. சோதனை முடிந்து கட்டணம் நின்றதும் வண்டிகளில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. அந்தச் செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்களில் சிறு பெரும்பான்மையினர் ஆதரிக்க, 2007 ஆகஸ்டு முதல் கட்டணம் நிரந்தரமானது.