பனிப்பூ பின்னும் கோதாவரிப் பெண்கள்

மேலைநாட்டு கிறிஸ்துமஸ் மரங்களில் தொங்கும் நூல் நட்சத்திரங்களில் பல, ஆந்திரத்தின் நர்சாபூர் வட்டாரத்துத் திண்ணைகளில் பிறப்பவை. புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கூலிக் கணக்குதான் நேராகவில்லை.

முதலில் ஆறு சங்கிலிக் கண்ணி. அவற்றை ஒரு வளையமாகச் சேர்த்து, வளையத்தைச் சுற்றிப் பன்னிரண்டு தூண் கண்ணிகள். பிறகு ஆறு முனைகள். ஒவ்வொரு முனையிலும் மூன்று சிறு சுருக்குகள். கை பழகியவர்கள் இதைக் கண்ணால் பார்ப்பதில்லை. அடுப்பில் சோறு கொதிக்க, மடியில் பேரன் தூங்க, விரல்கள் தம் போக்கில் ஓடுகின்றன. முடிந்ததும் உள்ளங்கையில் கிடப்பது வெள்ளை நூலால் ஆன ஒரு பனிப்பூ. பின்னியவர் பனி விழுந்து பார்த்ததில்லை. வசிஷ்ட கோதாவரிக் கரையில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நர்சாபூரில் மார்கழி மாதத்துக்குக்கூட ஒரு மெல்லிய போர்வை போதும்.

தெலுங்கில் 'பனி' என்றால் வேலை. தமிழ்க் காதுக்கு இது வேடிக்கையாகப்படலாம். லேஸ் தொழிலில் இரண்டு 'பனி'கள் உண்டு: பூக்களையும் கரைகளையும் தனித்தனியே பின்னும் 'சேதிபனி' (கைவேலை), அவற்றை இணைத்து மேஜை விரிப்பாகவோ தலையணை உறையாகவோ ஆக்கும் 'அதுகுபனி' (ஒட்டுவேலை). முதல் வேலை ஒரு வீட்டில், அடுத்தது இன்னொரு வீட்டில். ஒரு பொருளை முழுதாகச் செய்து பார்க்கும் வாய்ப்பு பலருக்குக் கிடைப்பதில்லை. கிறிஸ்துமஸ் தொங்கட்டான்கள் இதற்கு விதிவிலக்கு. சிறியவை என்பதால் ஒருவரே தொடங்கி ஒருவரே முடித்துவிடலாம்.

கம்பளி நூலில் இரண்டு ஊசி கொண்டு பின்னுவது குளிர்நாட்டு வழக்கம். கோதாவரி டெல்டாவின் குரோஷே பின்னலுக்கு ஒரே ஊசி போதும்; அதன் நுனியில் ஒரு கொக்கி. நூலோ மெல்லிய பருத்தி. அதனால் பின்னிய பனிப்பூ துவண்டு விழும். அதை விறைப்பாக்குவது ஒரு தனி வேலை. கஞ்சியிலோ வெள்ளைப் பசையிலோ முக்கி, தெர்மோகோல் பலகையில் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஆறு முனைகளையும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைக்க வேண்டும். ஒரு முனை கோணினாலும் மரத்தில் தொங்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஐரோப்பியப் பாட்டிகள் சர்க்கரைப் பாகில் முக்குவார்கள். கடற்கரை ஈரத்தில் அந்த வித்தை எடுபடாது. பாகு கசியும், எறும்பு வரும்.

பனிப்பூவுக்கு ஏன் ஆறு முனை என்று 1611ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு நூல் எழுதி யோசித்தவர் வானியலாளர் கெப்ளர். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்வதுதான் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. பின்னுகிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை. மாதிரியில் ஆறு என்றிருக்கிறது, ஆறு போடுகிறார்கள். ஐந்து போட்டால் துண்டு திரும்பி வரும்.

கிறிஸ்துமஸ் மரமே அப்படியொன்றும் பழைய வழக்கமல்ல. விக்டோரியா மகாராணியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியான பிறகுதான் ஆங்கிலேய வீடுகளில் அது பரவலானது. மரம் வந்தால் அலங்காரம் வேண்டுமே. ஜெர்மனியின் லவுஷா என்ற மலையூரில் குடும்பம் குடும்பமாகக் கண்ணாடிக் குண்டுகளை ஊதித் தள்ளினார்கள். 1880களில் அவற்றை அமெரிக்காவுக்கு வாங்கிப்போய்க் காசு பார்த்தவர் வுல்வொர்த். வீட்டில் செய்து கடல் கடந்து விற்கும் இந்த வியாபாரத்தில் ஊதியவர் ஒருவர், சம்பாதித்தவர் வேறொருவர் என்பது அப்போதே ஏற்பட்டுவிட்டது.

நர்சாபூருக்கு லேஸ் வந்தது மிஷனரிகளோடு. 1844இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மக்ரே தம்பதியர் கற்றுக்கொடுத்தார்கள் என்பது ஊர் வரலாறு. தமிழ் வாசகருக்கு இது புதிய கதையாக இராது. நாகர்கோவிலில் 1820களிலேயே லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது கொக்கி வேலை அல்ல. திண்டின்மேல் ஊசிகள் குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுவது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்னரே லேஸ் விற்ற காசில் தம் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் அங்கே உண்டு. மார்த்தாவின் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு லேஸைக் கொண்டுபோனார். கணவரின் ஒப்பிலக்கணத்தைப் பாடமாகப் படிக்கும் தமிழ் மாணவர்கள், மனைவியின் லேஸ் பள்ளியைப் பற்றிக் கேள்விப்படுவதே அபூர்வம்.

நாகர்கோவிலில் நூல் விடுதலை தந்தது என்றால் நர்சாபூரில் நடந்தது கிட்டத்தட்ட எதிர்மாறானது. இதை அக்கறையோடு எழுதி வைத்தவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் (2023இல் காலமானார்). சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக அவர் செய்த ஆய்வு 1982இல் நூலாக வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் லேஸ் பின்னிக்கொண்டிருந்த காலம் அது. நாள் முழுதும் உட்கார்ந்து பின்னினாலும் கையில் சேர்ந்தது ஒரு ரூபாய்க்கும் குறைவு. வயலில் நாற்று நட்ட தலித் பெண்களின் கூலி அதைவிட அதிகம். ஆனால் வயலுக்குப் போவது கௌரவக் குறைவு என்று கருதிய சாதிகளின் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அந்தக் கௌரவத்துக்கான விலையைக் கூலியில் கழித்துக்கொண்டார்கள் வியாபாரிகள். 'பொழுதுபோகாமல் செய்கிறார்கள்' என்பது அவர்கள் சொன்ன சமாதானம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்தப் பெண்களில் பெரும்பாலோர் தொழிலாளர் ஆகவில்லை, இல்லத்தரசிகளாகவே நின்றார்கள்.

கணக்கில் வருவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அதே ஆந்திரத்தின் தெற்குக் கோடியில், பத்மாவதிக்கும் வேங்கடவனுக்கும் திருமணம் நடந்ததாகத் தலபுராணம் சொல்லும் நாராயணவனம் இருக்கிறது. அங்கும் நகரி, புத்தூர் பக்கமும் நெசவுதான் பிழைப்பு. தறிக்காரர் வீட்டில் தார் சுற்றும் பெண்ணும் ஒரு காலத்தில் 'சும்மா உதவி செய்கிறவர்' மட்டுமே. கைத்தறிக் கணக்கெடுப்புகள் அந்தத் துணைவேலையையும் வேலையாக எண்ணத் தொடங்கின. 2019-20இல் நடந்த நான்காவது கணக்கெடுப்பில் நாட்டின் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் என்று தெரியவந்தது. அடையாள அட்டையும் காப்பீடும் கேட்க அந்த எண் ஒரு பிடி. அப்படி ஒரு பிடி லேஸ்காரிகளுக்கு இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் மற்றத் தொழிலாளருக்குள்ள உரிமைகள் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதற்காக உலக அரங்கில் போராடிய அமைப்புகளில் முக்கியமானது இலா பட் தொடங்கிய அகமதாபாத்தின் 'சேவா'. அந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை என்பதுதான் முரண்.

இதற்கிடையே சீனாவிலிருந்து இயந்திர லேஸ் மலிவு விலையில் வந்து இறங்கியது. சாதாரண ஆளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தவர்கள் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். இயந்திரம் லேஸின் சாயலைத் தரும். ஆனால் கண்ணிக்குள் கண்ணியாக ஒவ்வொன்றையும் முடித்துக்கொண்டே போகும் குரோஷே பின்னல் இன்னமும் கைக்கு மட்டுமே வசப்படுவது. 2024இல் நர்சாபூர் குரோஷே லேஸுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு இந்த வித்தியாசத்துக்கான முத்திரை. வேறு ஊர்ச் சரக்கை நர்சாபூர் பெயரில் விற்றால் இனி வழக்குப் போடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அது பெயரைக் காப்பாற்றும் சட்டம். பனிப்பூ ஒன்றுக்கு எத்தனை ரூபாய் என்று அது பேசாது. அந்தத் தொகையை இன்றும் நூலைக் கொண்டுவரும் தரகர் சொல்கிறார். முனை கோணல், அழுக்கு என்று கழித்ததுபோக மிச்சம் கைக்கு வரும்.

அழுக்குக்குக் காரணம் உண்டு. டிசம்பரில் மரத்தில் தொங்க வேண்டியது கப்பலேற வேண்டுமானால் கோடையிலேயே பின்னியாக வேண்டும். சித்திரை வெயிலில், வியர்க்கும் விரல்களில் வெள்ளை நூல் மங்குகிறது. துவைத்து வெளுக்க வேண்டிய செலவும் துண்டின் மேல்தான் விழும்.

அடுத்த தலைமுறை பீமவரம் பக்கத்து இறால் பதப்படுத்தும் ஆலைகளுக்கு பஸ் ஏறுகிறது. ஐஸில் கை மரத்துப்போகும் வேலை அது. ஆனால் அங்கே வருகைப் பதிவேடு இருக்கிறது, நாள் கூலி இருக்கிறது. கொக்கி ஊசியைக் கையில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும்தான். அவர்களிலும் பலருக்குக் கண் மங்கத் தொடங்கிவிட்டது.