பாழடைந்த வீடு வாங்குமுன்



காலிக் கோட்டைக்குள் ஒரு பழைய வீட்டைப் பார்க்க வேண்டும், ஹஸரத்தும் கூட வாருங்கள் என்று என் மாணவர் ஒருவரின் உம்மா கேட்டார். கல்லும் சுண்ணாம்பும் பற்றி எனக்கென்ன தெரியும் என்ற யோசனையோடுதான் போனேன்.

உங்களில் சிலருக்கும் இந்த ஆசை இருக்கும். உயர்ந்த முகடு, தெருவைப் பார்த்த விறாந்தை, வீட்டின் நடுவே வானம் தெரியும் முற்றம். ஒல்லாந்தர் பலப்படுத்திய அந்த மதில்களுக்குள் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பின்னர், 2000களின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டவர் வந்து வீடுகளை வாங்க, விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஆகவே நம்மவர்களின் கண் இப்போது பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மேல் விழுகிறது.

அந்த வீட்டின் சுவர் ஏறத்தாழ இரண்டடி தடிப்பு. முருகைக்கல்லும் சுண்ணாம்பும். அடிப்பாகத்தில் மட்டும் யாரோ சீமெந்து பூசியிருந்தார்கள். அதற்குமேல் பூச்சு உப்புப் பூத்து, கைபட்டதும் மாவாய் உதிர்ந்தது. இத்தகைய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சீமெந்து அதன் வாயை அடைத்துவிடும். ஈரம் மேலே ஏறும். இதைச் சுண்ணாம்பிலேயே திருத்த வேண்டும். புதிதாக முருகைக்கல் எடுக்கலாம் என்று எண்ணாதீர்கள், கரையோரத்தில் அதை அகழ்வது தடை. கோட்டைக்குள் கூரையையோ முகப்பையோ மாற்றுவதென்றால் தொல்பொருள் திணைக்களம் போன்றவற்றின் அனுமதியும் வேண்டும். வீடு பார்க்க நல்ல வெயிலில் போகாதீர்கள், ஜூன் மாத மழையில் போங்கள். எந்த ஓடு உடைந்தது, எந்தக் கைமரம் உக்கியது என்பதை வீடே காட்டிவிடும்.

இவையெல்லாம் பணத்தால் சரியாகும். நான் தரகரிடம் கேட்டது வேறு. இவ்வளவு நல்ல இடத்தில் உள்ள வீட்டை ஏன் இத்தனை காலம் பாழாக விட்டார்கள்?

வாப்பா மௌத்தாகிப் பங்கு பிரிக்கவில்லை என்றார். முதுசச் சொத்தில் இதுதான் வழக்கமான கதை. எல்லோருக்கும் சொந்தமான கூரைக்கு ஓடு வாங்க எவரும் முன்வருவதில்லை.

வாப்பா விட்டுச் சென்றது மனைவி, இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். அவருடைய பெற்றோர் முன்பே மௌத்து. கடன், வஸிய்யத் போக, வீடு எட்டுப் பங்கு. மனைவிக்கு ஒன்று, ஆண் மக்களுக்கு இரண்டிரண்டு, பெண் மக்களுக்கு ஒவ்வொன்று. நமது நாட்டிலும் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இதை மார்க்கச் சட்டப்படியே விட்டிருக்கிறது. கையொப்பம் வைக்க ஆயத்தமாக இருந்தவர்களோ காக்காமார் இருவர் மட்டுமே. முழு வீட்டுக்கும் பணம் கொடுத்தாலும் உம்மாவுக்குக் கிடைப்பது பாதி வீடுதான். மீதிக்குப் பாகப்பிரிவினை வழக்கு, அது எத்தனை வருடம் இழுக்குமோ!

"தங்கச்சிமார் சீதனம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களே, அவர்களுக்கு இனி என்ன பங்கு?" என்றார் தரகர்.

இந்தப் பேச்சை நம் வீடுகளிலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்தது வேறு, அவர் மௌத்தானபின் வரும் அனந்தரம் வேறு. முன்னையது பின்னையதை அழிக்காது. அறிந்து, மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் சரி. கேட்காமலே விட்டதாக எழுதிக்கொள்வது அநியாயம்.

உம்மா கெட்டிக்காரி. கண்டியில் வாழ்க்கைப்பட்ட இளைய மகளின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்துப் பேசினார். வாப்பாவின் வீடு விலைக்கு வந்திருப்பதே அவருக்குத் தெரியாது. சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "முற்றத்துக் கிணறு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டாராம்.

உம்மா முற்பணம் கொடுக்கவில்லை. காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடுமாறு ஒரு நொத்தாரிசிடம் சொல்லியிருக்கிறார். எட்டுப் பங்குக்குரிய ஆறு பேரும் ஒன்றாக வந்து கையொப்பம் வைத்தால் வாங்குவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, அதுவரை உடைந்த ஓடுகளையாவது மாற்றி வையுங்கள் என்று கேட்டிருக்கிறார்.