கையோடு கொண்டுபோகக்கூடிய தோட்டம்: கற்பூரவள்ளி

வீட்டுத்தோட்டம் என்றதும் எமது விவசாயக் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது விட்டுவந்த வளவுதான். கிணற்றடி வாழை, வேலியோரத்து முருங்கை, அடுப்படிக்குப் பின்னால் நின்ற கறிவேப்பிலை, தேசி. இவற்றில் எதையும் எவராலும் தூக்கிவர முடியவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியோர், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தோர், 2009 இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்தோர் என எல்லோர் கதையும் இதுதான்.

செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆயினும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் வாழும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. திரும்பிச் சென்றவர்களிலும் பலர் பற்றை மூடிய வெறுங்காணியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

பிறர் காணியில் இருப்பவருக்கு மரம் நடத் தயக்கம் வருவது இயல்பு. தென்னையோ மாவோ காய்ப்பதற்குள் நாம் எங்கே இருப்போமோ என்ற கேள்வி எழும். இதனால் பயிர்செய்து பழகிய கைகள் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிடுகின்றன. காணி உறுதி கேட்காத பயிர்களும் உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பழைய பால்மா ரின் ஒன்றும் ஒரு சாண் தண்டும் போதும். அப்படியான ஒரு செடியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

செடியை அறிந்துகொள்வோம்

கற்பூரவள்ளியை ஓமவள்ளி என்றும் அழைப்பர். (இதே பெயரில் ஒரு வாழை இனமும் உண்டு. அது வேறு.) தடித்த, சதைப்பற்றான இலை, மேலே மெல்லிய மயிர், ஓரம் பற்கள் போல வெட்டுப்பட்டிருக்கும். கசக்கினால் ஓமத்தின் மணம் வரும். இந்த மணத்துக்குக் காரணம் இலையிலுள்ள காவக்றோல், தைமோல் என்னும் எண்ணெய்ப் பொருட்கள். ஓமத்திலும் தைமோல் இருப்பதால்தான் இரண்டும் ஒரே மாதிரி மணக்கின்றன.

துளசியும் புதினாவும் இச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மேல்நாட்டார் இறைச்சிக்கும் பாணுக்கும் சேர்க்கும் ரோஸ்மேரியும் அதே குடும்பந்தான். ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்து வரண்ட நிலத்துக்குரியது. எமது மாரிகால ஈரத்தில் அதன் வேர் எளிதில் அழுகிவிடும். கற்பூரவள்ளியோ வெப்பத்துக்குப் பழகியது. தண்ணீர் குறைந்தாலும் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். மணமும் பயனும் தரும் ஒரு செடி வேண்டுமென்றால் எமது மண்ணுக்கு இதுவே ஏற்றது.

தண்டு எடுப்பதும் நடுவதும்

இச்செடிக்கு விதை தேட வேண்டியதில்லை, தண்டிலிருந்தே உண்டாக்கலாம். அயலில் வைத்திருப்பவரிடம் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் ஆளில்லாத வளவுகளிலும் பற்றைக் காணிகளிலும் செடி தேடிப் போகவேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு இலைக்காகவும் கால்வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

1. பூக்காத, நோயற்ற தண்டில் நுனியிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் வரை, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டவும்.

2. கீழ் இலைகளை அகற்றி, நுனியில் நாலு இலை மட்டும் விடவும். வெட்டுவாய் காயும்படி சில மணி நேரம் நிழலில் வைக்கவும். சதைப்பற்றான தண்டு என்பதால் உடனே ஈரமண்ணில் வைத்தால் அழுகும்.

3. ரின், வெட்டிய பிளாஸ்ரிக் கான், உரப்பை எதுவானாலும் சரி. அடியில் நாலைந்து துளையிட்டு, உடைந்த ஓடு அல்லது பொச்சுத் துண்டு போடவும். இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு கலந்து நிரப்பவும்.

4. இரண்டு கணு மண்ணுள் இருக்கும்படி நட்டு, மெதுவாகத் தண்ணீர் விட்டு, நிழலில் வைக்கவும். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். புதிய தளிர் வருவதே அதற்கு அடையாளம். அதன் பின்னர் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றலாம்.

பராமரிப்பு

இச்செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் தண்ணீர் வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் என்பவற்றை இதற்கே ஊற்றலாம். சவர்க்காரத் தண்ணீர் கூடாது. மாரி தொடங்கியதும் தாழ்வாரத்தின் கீழே, இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள். ரின்னின் கீழே தட்டு வைக்கவேண்டாம். அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளவும். அப்போதுதான் பக்கக்கிளைகள் வரும். கிள்ளிய நுனி அடுத்த ரின்னுக்கு நடுகைத் தண்டாகும். இரு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிடி உக்கிய எரு போதும். பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் பூச்சி காணப்பட்டால், சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, பின் நல்ல தண்ணீரால் கழுவவும். உண்ணும் இலையாதலால் நஞ்சு மருந்து அடிக்கவே கூடாது. ஓராண்டு கழிந்து அடித்தண்டு முற்றி இலை சிறுத்தால், புதிய தண்டு நட்டு, பழையதை எருக்குழியில் போடலாம்.

அடுப்படியில்

பலர் இதை மருந்து என்று மட்டும் நினைத்து, இருமல் வந்தாலன்றித் தொடுவதில்லை. கறிக்கும் இது நல்ல இலை. மணம் கடுமையாதலால் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும்.

சம்பல்: பத்து இலையைக் கழுவி, சூடான சட்டியில் வாடும்வரை பிரட்டி எடுக்கவும். ஒரு பிடி தேங்காய்ப்பூ, இரண்டு செத்தல் மிளகாய், நாலைந்து சின்ன வெங்காயம், உப்பு என்பவற்றோடு அம்மியில் அரைத்து, கடைசியில் தேசிப்புளி விடவும். சோற்றுக்கும் ரொட்டிக்கும் ஏற்றது.

ரொட்டி: கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் குழைக்கும்போது, நாலைந்து இலையையும் ஒரு வெங்காயத்தையும் பொடியாக அரிந்து சேர்க்கவும். கறி இல்லாத நாளில் இதைத் தனியாகவே உண்ணலாம்.

இரசம்: வழக்கமான மிளகு, உள்ளி, நற்சீரகம் போட்ட இரசத்தை இறக்கும்போது மூன்று இலையைக் கிள்ளிப் போட்டு மூடிவைக்கவும். நெடுநேரம் கொதிக்கவைத்தால் மணம் ஆவியோடு போய்விடும்.

மீன்கறி: இறக்கும் தறுவாயில் இரண்டு இலை போதும். வெடுக்கு மணம் அடங்கும்.

பிள்ளைகளுக்கு: கடலைமாக் கரைசலில் முழு இலையைத் தோய்த்துப் பொரித்துக் கொடுத்தால், இலைக்கறி வேண்டாமென்னும் பிள்ளையும் கேட்டு வாங்கும்.

கைமருந்தாக

சாதாரண தடிமனுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் ஐந்து இலை, சிறுதுண்டு வேர்க்கொம்பு, ஒரு சிட்டிகை நற்சீரகம் என்பவற்றை இரண்டு கிளாஸ் தண்ணீரில் இட்டு, மூடிக் கொதிக்கவைத்து, ஒன்றாக வற்றியதும் வடித்து இளஞ்சூட்டில் பருகலாம். இது தொண்டைக்கு இதம் தரும். ஆனால் இலையால் எல்லாம் மாறும் என்று நாம் சொல்லமாட்டோம். பின்வருவனவற்றைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள்.

- ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. இலைச்சாற்றுடன் கலந்தும் கொடுக்கக் கூடாது.
- பிள்ளைக்கு மூச்சு வேகமாக வாங்கினால், மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டால், பால் குடிக்க முடியாமற் போனால், அது நிமோனியாவாக இருக்கலாம். கசாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.
- இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோயா என்று பார்க்கவேண்டும். சளிப் பரிசோதனை அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம். நெருக்கமாகப் பலர் வாழும் இடங்களில் ஒருவரின் தாமதம் பலரைப் பாதிக்கும்.
- கர்ப்பிணித் தாய்மார் உணவில் சேர்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு தண்டிலிருந்து

நன்றாகப் பராமரித்த ஒரு செடியிலிருந்து சில மாதங்களில் நாலைந்து தண்டாவது எடுக்கலாம். அவற்றில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றவற்றை அயலவருக்குக் கொடுங்கள். இதில் பண்டமாற்றும் செய்யலாம்: ஒருவர் கற்பூரவள்ளித் தண்டு கொடுக்க, மற்றவர் புதினா வேரோ வல்லாரையோ கொடுக்கலாம். ஐந்து வீடுகள் இப்படிச் சேர்ந்தால், எவரிடமும் ஒரு சதமும் வாங்காமல் ஐந்து வகை இலை எல்லா அடுப்படியிலும் இருக்கும். ஒரு வீட்டில் செடி அழிந்தாலும் மற்ற வீட்டில் இனம் காப்பாற்றப்படும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இடம்பெயர்ந்த நாளிலிருந்து எமது கைகள் பெரும்பாலும் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. அரிசியும் கூரைத்தகடும் பாயும் பிறர் தந்தவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனினும் கொடுத்துப் பழகிய விவசாயிக்கு வாங்குவது மட்டும் போதாது. தான் வளர்த்த ஒன்றை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது அவர் மறுபடியும் விவசாயியாகிறார்.

மீண்டும் இடம் மாறவேண்டி வந்தாலும் ஈரத்துணியில் சுற்றிய இரண்டு தண்டு பையில் பாரமாக இராது. சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் கிணறு இறைத்து, வேலி அடைத்து, வாழைக்குட்டி வைக்கும்வரை காத்திராமல், முதல் நாளே கிணற்றடியில் நட்டுவிடலாம். அதுவரை வாசற்படியருகே ஒரு ரின்னில் அது வளரட்டும். இந்த வாரமே அயலில் ஒரு தண்டு கேட்டுப் பாருங்கள்.