பிரேக் குழாய்களைக் கூட்டாக வாங்குதல்

பலர் கூடி ஒரு பொருளை மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது நாம் யாவரும் அறிந்ததே. ஆனால், எல்லாப் பொருள்களையும் ஒரே முறையில் வாங்கிவிட இயலாது. வாங்கிய அரிசி மட்டமாயின் சில நாள் சோறு சுவையற்றுப் போகும், அவ்வளவே. காரின் பிரேக் குழாய் மட்டமாயின் அதற்கு உயிரே விலையாகிவிடக்கூடும். ஆகவே, இதனைக் கூட்டாக வாங்க முற்படுவோர் விலையை முதலாவதாகக் கருதாமல் கடைசியாகவே கருதவேண்டும்.

பங்காருபேட்டையிலும் அதனையடுத்த கோலார் தங்கவயலிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், இவ்வூர்களிலிருந்து நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்புவோர் மிகப் பலர். திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் சொந்த ஊர்ப் பயணத்திற்கும் வீட்டிலுள்ள பழைய காரே துணை. பங்காருபேட்டை கடல் மட்டத்திற்கு மேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. வேலூரோ 250 மீட்டருக்கும் தாழ்ந்தது. இவ்விறக்கத்தைக் கடக்கும் வண்டிக்குப் பிரேக்கைவிட இன்றியமையாத உறுப்பு வேறில்லை. மாருதி 800, அம்பாசடர் ஆகிய கார்களின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இத்தகைய வண்டிகளுக்கு வெளிச்சந்தைக் குழாய்களையே நாட நேரிடும்போது, சிலர் சேர்ந்து வாங்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு.

முதலில் அக்குழாய் செய்யும் வேலையைக் காண்போம். மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எடுத்துரைத்தார். நாம் பிரேக்கை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம், பிரேக் ஆயில் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. பெரும்பகுதி வழி உலோகக் குழாயே. ஆயினும், சக்கரம் மேலும் கீழும் அசைந்து பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருத்தலின், அவ்விடத்தில் வளையும் ரப்பர்க் குழாய் வைக்கப்படுகிறது. மெக்கானிக்குகள் இதனைப் பிரேக் ஹோஸ் என்பர்.

ரப்பர் காலத்தால் மூப்படையும். வெளியே வெடிப்புத் தோன்றினால் கண்ணுக்குப் புலப்படும். உட்சுவர் பருத்து வழி அடைபட்டாலோ வெளித்தோற்றம் ஒன்றும் காட்டாது. காலை எடுத்த பின்னும் அழுத்தம் விடுபடாமல், பிரேக் பிடித்தபடியே நின்று சக்கரம் சூடேறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. டாட் 3 வகை ஆயில் புதியதாயின் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகையாக இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் மிதி வெறுமையாக அமிழும். எனவே, குழாயை மாற்றும்போதே ஆயிலையும் மாற்றுதல் வேண்டும்.

எஃகுக் கம்பி பின்னிய குழாய்களையும் சிலர் விரும்புகின்றனர். இவை அழுத்தத்தில் குறைவாகவே விரிவதால் மிதி உறுதியாக இருக்கும். ஆயினும், வண்டி நிற்கும் தொலைவைப் பெரிதும் முடிவு செய்வது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பே. பழுதற்ற ரப்பர்க் குழாயை நீக்கிவிட்டு இதனைப் பூட்டுவதால் மட்டும் அத்தொலைவு குறைந்துவிடாது. மேலுறையற்ற பின்னல் அருகிலுள்ள பாகங்களை உராய்ந்து தேய்க்கவும் கூடும்.

இனி, கூட்டாக வாங்கும் முறையைக் காண்போம். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூட்டுறவுக் கடை தொடங்கியபோது, கலப்படமற்ற பொருளும் சரியான எடையும் அவர்களுக்குத் தலையாய நோக்கங்களாக இருந்தன. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சீட்டுப் பிடித்துப் பழகிய நமக்கோ, நம்பிக்கையும் கணக்கும் சேர்ந்தே நடக்கவேண்டும் என்பதைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

முதற்படி, பட்டியல் தயாரித்தல். வண்டியின் வகை, ஆண்டு, சேசிஸ் எண், ஏ.பி.எஸ். உண்டா இல்லையா என்பவற்றைத் தனித்தனியே குறிக்க வேண்டும். ஒரே பெயருடைய காரிலும் ஆண்டுக்கு ஆண்டு குழாயின் நீளமும் மரையும் வேறுபடலாம்.

இரண்டாவது, தரம். ஐ.எஸ். 7079, எஸ்.ஏ.இ. ஜே 1401 போன்ற தர அளவைகளுக்கு உட்பட்டது என்பதற்குத் தயாரிப்பாளரிடமிருந்து எழுத்து மூலமான சான்று பெறவேண்டும். அமெரிக்க விதிப்படி ஒரு குழாய் 35 மணி நேரம் இடையறாது சுழற்றி அசைக்கப்பட்டும் பழுதுறாமல் இருத்தல் வேண்டும். இத்தகைய சோதனையை நம் ஊர்ப் பட்டறையில் செய்ய இயலாது. ஆதலின் சான்றில்லாத பொருளை, பாதி விலைக்கு வந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். பெரும்பான்மையோர் கைதூக்கி விலை மலிந்ததைத் தேர்ந்தெடுக்கத்தக்க பொருளன்று இது.

மூன்றாவது, மாதிரி. முதலில் ஒரு தொகுதியை மட்டும் வரவழைத்து, தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு ஒரு வண்டியில் பொருத்திப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பும்போது குழாய் இழுபடவோ, முறுக்கிக்கொள்ளவோ, டயரில் உராயவோ கூடாது. இணைப்புச் செம்பு வாஷர்களும் புதியனவாக இருத்தல் வேண்டும்.

நான்காவது, பணம். இருவர் கையெழுத்திட்டாலன்றி எடுக்க முடியாத வங்கிக் கணக்கில் தொகையைச் செலுத்தி, ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுக்க வேண்டும். முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்பிவிடலாகாது. பொறுப்பேற்பவர் தமக்கென ஊதியம் வைத்துக்கொள்வதாயின் அதனை முதல் நாளே வெளிப்படையாகக் கூறவேண்டும். பில் அவரவர் பெயரிலேயே இருப்பது நன்று; பின்னர் குறை காணின், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிட அது துணை செய்யும். ஒரே குறையுடைய பலர், ஆணையத்தின் அனுமதி பெற்று, கூட்டாகவும் முறையிடலாம்.

ஐந்தாவது, பொருள் வந்தபின் சரிபார்த்தல். ஒவ்வொரு குழாயிலும் தயாரிப்பாளர் குறியும் தேதியும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்த பின்னரே மீதித் தொகையைக் கொடுக்கவேண்டும். பொருத்தியபின் ஆயிலிலுள்ள காற்றை முற்றும் வெளியேற்றி, கசிவு பார்த்து, மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே நெடுவழி செல்லலாம்.

இவ்வாறு வாங்கும்போது ஒருவருக்கு மிஞ்சும் பணம் சிறிதாகவே இருக்கலாம். ஆனால், தனியொருவர் கேட்டால் சான்று காட்ட மறுக்கும் விற்பனையாளர், இருபது பேர் சேர்ந்து கேட்கும்போது மறுக்கத் தயங்குவார். கூட்டின் உண்மையான பயன் அதுவே. அவ்வலிமையை விலைபேசுவதில் மட்டும் செலவிட்டுவிடாமல், தரம் கேட்பதற்கு முதலில் பயன்படுத்துவோமாக.