பழம் பாணும் பம்பாய் டோஸ்டும்

2022 இல் ஒரு பின்னேரம். வீட்டில் முதல் நாள் வாங்கிய பாணில் அரை றாத்தல் விளிம்பு காய்ந்து கிடந்தது. முட்டை இரண்டுதான். பால்மாவுக்காக வாப்பா கடை கடையாக அலைந்த காலம் அது. தேநீரோடு ஏதாவது கிடைக்குமா என்று ஆறு பேர் குசினியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உம்மா அரைத் தேங்காயைத் துருவிப் பால் பிழிந்தார். அதில் முட்டையை அடித்து, சீனி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தார். அன்றைய பம்பாய் டோஸ்டின் ருசி இன்னும் நாவில் இருக்கிறது. பசியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாம் பம்பாய் டோஸ்ட் என்பதை உலகம் 'பிரெஞ்ச் டோஸ்ட்' என்கிறது. பிரான்சியரோ தம் நாட்டின் பெயரை அதற்குச் சூட்டவில்லை. அவர்களுக்கு அது 'பான் பெர்தூ', அதாவது வீணாய்ப்போன பாண். ஜேர்மனியர் 'ஏழை வீரர்கள்' என்பர். அப்பீசியஸ் பெயரில் வழங்கும் பழைய உரோமச் சமையல் நூலிலேயே பாலில் தோய்த்துப் பொரித்துத் தேன் ஊற்றிய பாண் இருக்கிறது. போர்த்துக்கேயர் நத்தாருக்கு 'ரபனாதாஸ்' செய்வார்கள். 'பாண்' என்ற சொல்லை நமக்குத் தந்தவர்களும் அவர்களே.

பழைய பாண் ஏன்? மஹய்யாவ ஏற்றத்தில் பாட்டோடு ஏறிவரும் சூன் பாண் வண்டியில் சுடச்சுட வாங்கியதை நான் ஒரு தடவை தோய்த்துப் பார்த்தேன். எடுக்கும்போதே கையில் கூழாயிற்று. ஒரு நாள் காய்ந்த பாண் பாலைக் குடித்தாலும் உடையாது. (பூஞ்சணம் பிடித்ததை மட்டும் எறிந்துவிட வேண்டும். கண்டியின் ஈரத்தில் அதற்கு அதிக நாள் எடுக்காது.)

முட்டையை மட்டும் பூசினால் வெளியே ஒம்லட், உள்ளே வெறும் பாண். பால்தான் முட்டையைத் துண்டின் நடுவரை கொண்டுபோகிறது. சூட்டில் அது அங்கேயே இறுகும். வட்டிலப்பம் இறுகுகிறதே, அதே வேலைதான். நெருப்பைக் கூட்டினால் சீனி கருகிவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். இரண்டு துண்டுக்கு ஒரு முட்டை, கால் கோப்பைப் பால், மெல்லிய நெருப்பு. இது எங்கள் வீட்டுக் கணக்கு.

ஹொங்கொங்கில் இரண்டு துண்டுகளுக்கிடையே கடலை வெண்ணெய் பூசிப் பொரிக்கிறார்கள். ஹைதராபாத்தின் 'டபுள் கா மீட்டா'வில் முட்டையே இல்லை. பொரித்த பாணைச் சீனிப்பாகிலும் பாலிலும் ஊறவைப்பர். எங்கள் சாச்சி கித்துள் பாணி ஊற்றுவார். வாப்பாவுக்கு இனிப்பே ஆகாது. வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள் போட்டது வேண்டும். "இது டோஸ்டா, முட்டை ரொட்டியா?" என்று சாச்சி சிரிப்பார். வாப்பா பதில் சொல்லாமல் அடுத்த துண்டை எடுப்பார்.

இப்போது கடைகளில் பால்மா இருக்கிறது. உம்மா இன்னும் தேங்காய்ப்பாலில்தான் செய்கிறார். அடித்த கலவையில் ஒரு கோப்பையை வாப்பாவுக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் சீனிப் போத்தலைத் திறப்பார்.