ஆர்கானிக் லேபிளுக்குப் பின்னால் இருக்கும் திருப்பூர்

குழந்தைக்கு வாங்கின பாடிசூட்டைத் திருப்பிப் பாருங்கள். இடுப்புத் தையலோடு சேர்த்து ஒரு சின்ன லேபிள் இருக்கும். பச்சை வட்டத்துக்குள் வெள்ளைச் சட்டைப் படம், சுற்றிலும் 'குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்ட்' என்ற எழுத்து, கீழே சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயர், ஒரு உரிம எண். கூடவே 'மேட் இன் இந்தியா' என்றும் இருந்தால், அது திருப்பூரில் தைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஊரிலிருந்துதான் போகிறது.

அங்கே ஒரு ஏற்றுமதி கம்பெனியில் 11 வருஷம் இந்தச் சான்றிதழ் வேலையைத்தான் பார்த்தேன். ஆபீஸில் என் பதவிக்குப் பெயர் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். தையல் லைனில் எல்லாருக்கும் நான் 'ஃபைல் மேடம்'. கல்யாணமாகி வெளிநாடு வந்த பிறகு, இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போது பிள்ளை பெற்றிருக்கும் தோழிகள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, ஆர்கானிக்னு போட்டு இவ்வளவு விலை வாங்குறாங்களே, நிஜமாவே அது ஆர்கானிக்தானா?"

முதலில் ஒரு விஷயம். ஆர்கானிக் பருத்தியையும் சாதாரணப் பருத்தியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், முப்பது வருஷம் பனியன் கம்பெனி நடத்தினவராலும் கண்டுபிடிக்க முடியாது. தொட்டாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது. லேபிலும் முழுசாகப் பிடிபடாது. இந்தியாவில் விளையும் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றிய பி.டி. ரகம் என்பதால், பஞ்சாக இருக்கும்போது அந்த மரபணு இருக்கிறதா என்று சோதிக்கலாம். இருந்தால் சந்தேகப்படலாம், இல்லை என்பதாலேயே ஆர்கானிக் ஆகிவிடாது. வெளுத்துச் சாயம் ஏற்றிய பிறகு அந்தச் சோதனையும் கை கொடுக்காது. ஆக, உங்கள் கையில் இருக்கும் சட்டை ஆர்கானிக் என்பதற்குச் சட்டைக்குள்ளே ஆதாரம் கிடையாது. வயலிலிருந்து அட்டைப்பெட்டி வரை அது கடந்து வந்த ஒவ்வொரு கையும் எழுதி வைத்த கணக்குதான் ஆதாரம். அந்தக் கணக்கு ஒரு இடத்தில் அறுந்தால் துணி அதே துணிதான், ஆனால் ஆர்கானிக் இல்லை.

இந்த விதிமுறையை ஊரில் 'காட்ஸ்' என்பார்கள். பருத்தி பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, ஒடிசா பக்கத்து விவசாயிகளிடமிருந்து வரும். ஜின்னிங், நூற்பு மில், நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், தையல், நடுவில் வாங்கி விற்கும் வியாபாரி என்று எல்லாரும் தனித்தனியாகச் சான்று பெற்றிருக்க வேண்டும், அல்லது சான்று பெற்ற ஒரு கம்பெனியின் கீழ் ஆடிட்டுக்கு உட்பட்ட ஜாப் ஒர்க் யூனிட்டாகப் பதிவாகியிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் நேரில் வந்து ஆடிட். அதுபோக, சரக்கு கை மாறும்போது 'டிரான்ஸாக்ஷன் சர்டிஃபிகேட்'. ஊர் வழக்கில் டிசி. இத்தனை கிலோ, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு என்று அதில் இருக்கும். டிசி வராவிட்டால் சில பையர்கள் பணத்தையே நிறுத்தி வைப்பார்கள்.

காகிதத்தில் இது சுலபம். மெஷின் ஓடும் இடத்தில்தான் சிக்கல். ரவுண்ட் நிட்டிங் மெஷின் ஒன்றில் எழுபது, எண்பது கோன் மாட்டியிருக்கும். நைட் ஷிப்டில் ஒரு கோன் தீர்ந்துபோனது. பக்கத்து மெஷினில் அதே 30ஸ் கோம்டு நூல், அதே வெள்ளை. ஆபரேட்டர் தம்பி எட்டி எடுத்து மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? எண்பதில் ஒன்று, ஒன்றேகால் சதவீதம்தானே, லேபிளில் 95 சதவீதம் ஆர்கானிக் இருந்தால் போதுமே என்று தோன்றும். அது அப்படி இல்லை. மீதி 5 சதவீதத்தில் எலாஸ்டேன் மாதிரி வேறு இழை வரலாம். சாதாரணப் பருத்தி வரவே கூடாது. ஆர்கானிக் பருத்தியோடு சாதாரணப் பருத்தியைக் கலக்கக் கூடாது என்பது விதி. அந்த ஒரு கோன் ஏறிய ரோல் முழுக்கப் போச்சு.

அதனால்தான் ஆர்கானிக் நூலுக்குத் தனி ரேக், பச்சை டேப், தனி ரிஜிஸ்டர். மெஷினை ஏர் அடித்துச் சுத்தம் செய்து, பழைய நூலைக் கழற்றி, கையெழுத்துப் போட்டு விட்டுத்தான் ஓட்ட வேண்டும். எல்லாரும் மறப்பது கழுத்து ரிப். உடம்புத் துணி பக்காவாக இருக்கும். கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் வைக்கிற ரிப் வேறு இடத்தில் ஓட்டியது, அதன் நூலுக்கு டிசி எங்கே என்று ஆடிட்டர் கேட்டவுடன் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

சாயப்பட்டறை இன்னொரு தலைவலி. வெறும் ஆர்கானிக் பஞ்சு என்றால் போதாது, ஏற்றுகிற சாயம், சாஃப்ட்னர், சோப்பு எல்லாமே அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். குளோரின் வெளுப்பு கூடாது, ஃபார்மால்டிஹைடு கூடாது, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை விடுகிற அசோ சாயம் கூடாது, பி.வி.சி. கலந்த ரப்பர் மாதிரி பிரிண்ட் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். "மேடம், ஷேடு கொஞ்சம் டல்லா நிக்குதுங்க. நம்ம லிஸ்ட்ல இல்லாத சாயம் ஒண்ணு இருக்கு, கால் கிலோ போட்டா சரியாயிருமுங்க." கூடாது என்றால் அந்த லாட் மறுநாள் திரும்ப ஓடும், தண்ணீர், நீராவி, கூலி எல்லாம் இரண்டு மடங்கு. கூடாது என்றுதான் சொல்ல வேண்டும். டையிங் மாஸ்டர்கள் என்னைத் திட்டாத நாள் குறைவு.

அந்தச் சாயத் தண்ணீருக்கு ஒரு பழைய கதை உண்டு. உங்கள் அப்பா அம்மா கொங்குப் பக்கம் என்றால் நொய்யலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பல வருஷம் சாயக்கழிவு நேராக ஆற்றில் போனது. ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு நிறைய வேண்டும். அந்த உப்பெல்லாம் ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் பிறகு திறந்தார்கள். காட்ஸ் சான்றுக்கும் கழிவுநீர் சுத்திகரிப்புக் கணக்கு கட்டாயம். லேபிளில் இருக்கும் அந்தச் சின்ன எண்ணுக்குள் நொய்யலும் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆடிட்டர் என்ன பார்ப்பார்? கிலோக் கணக்கு. உதாரணத்துக்கு 1,000 கிலோ நூல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நிட்டிங்கில் 20 கிலோ வேஸ்ட், சாயத்திலும் காம்பாக்டிங்கிலும் 55 கிலோ குறைந்தது, கட்டிங்கில் 140 கிலோ துண்டுத் துணி. மிச்சம் 785 கிலோ. ஒரு டி-சர்ட் 150 கிராம் என்றால் ஐயாயிரத்து இருநூற்றுச் சொச்சம் பீஸ் வரும். பேக்கிங் லிஸ்டில் 6,000 என்று இருந்தால் மிச்சத் துணி எங்கிருந்து வந்தது? பதில் இல்லை என்றால் அங்கேயே நின்றுபோகும். சில ஆடிட்டர்கள் ஒரு பெட்டியைக் கைகாட்டி, "இதை நூல் மூட்டை வரைக்கும் பின்னாடியே நடந்து காட்டுங்க" என்பார்கள். கட்டிங் பண்டில் எண், டை லாட் கார்டு, டெலிவரி சலான், நூல் இன்வர்ட் என்று ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கில்லாடி ஆடிட்டர்கள் என்னைக் கேட்கவே மாட்டார்கள். நேராக ஓவர்லாக் மெஷினுக்குப் பின்னால் நிற்கும் கைமடி பெண்ணிடம் போய், "இந்தப் பச்சை டேப் எதுக்கும்மா?" என்பார்கள். அவளுக்குத் தெரிந்திருந்தால்தான் கம்பெனிக்குத் தெரியும் என்று அர்த்தம்.

எனக்குப் பெரிய சண்டை வந்தது துணியில் இல்லை, தையலில். வெள்ளிக்கிழமை கப்பல். இரண்டு லைனில் ஆள் குறைவு, 800 பீஸ் பாக்கி. புரொடக்ஷன் மேனேஜர் இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு யூனிட்டுக்குக் கொடுத்துத் தைத்து வாங்கிவிடலாம் என்றார். அது எங்கள் சான்றில் பதிவாகாத யூனிட்.

"தைக்கிறது மட்டும்தானுங்க மேடம். துணி நம்ம துணி, நூல் நம்ம நூல். ஊசி மாறினா துணி மாறிடுமா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த யூனிட்டில் யார் தைக்கிறார்கள், எத்தனை வயசு, எத்தனை மணி நேரம், பீஸ் ரேட்டில் என்ன கிடைக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. காட்ஸ் இதையும் கேட்கிறது: குழந்தைத் தொழிலாளர் கூடாது, பிடித்து வைத்து வேலை வாங்கக் கூடாது, கூலி சட்டப்படி இருக்க வேண்டும், சங்கம் வைக்க உரிமை வேண்டும். இதெல்லாம் வெறும் அலங்காரம் இல்லை. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி இளம்பெண்களை மில் விடுதிகளில் மூன்று வருஷம் வைத்திருந்த 'சுமங்கலி திட்டம்' நம் தமிழ்நாட்டு நூற்பு மில்களில் நடந்ததுதான். கேட்டைத் தாண்டிப் போன பண்டிலைப் பற்றி நான் என்னவென்று கையெழுத்துப் போடுவது?

முதலாளி வரைக்கும் போனது. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. சான்று போனால் அந்த ஒரு ஆர்டர் மட்டும் போகாது, அந்த வருஷத்து ஆர்டரே போகும் என்பது அவருக்குத் தெரியும். 800 பீஸை எங்கள் லைனிலேயே தைத்து அடுத்த வாரம் விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் லாபம் ஒன்றும் மிஞ்சவில்லை. மேனேஜர் என்னோடு ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை, டீ வாங்கி வரச் சொல்லும்போதுகூட என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவு செய்தும் ஏமாற்ற முடியுமா? முடியும். 2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பே வெளியிட்ட விஷயம் இது: இந்தியாவில் பஞ்சு நிலையிலேயே போலி டிசி தயாரித்திருந்தார்கள். அதிலிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அரசு இணையதளம் மாதிரியே நகலெடுத்த ஒரு போலித் தளம் திறந்து 'சரி' என்று காட்டும். சுமார் 20,000 டன் பருத்தி அப்படிப் பொய்யாக ஆர்கானிக் ஆகியிருந்தது. 11 நிறுவனங்களைத் தடை செய்தார்கள். எங்களை மாதிரிச் சங்கிலியின் நடுவில் இருப்பவர்களுக்கு அது அடிவயிற்றைக் கலக்கிய வாரம். நாங்கள் கோனுக்குக் கோன் காவல் காத்தது, ஆரம்பத்திலேயே கலந்து வந்த பஞ்சுக்காகவும் இருந்திருக்கலாமே! ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும்: கண்டுபிடித்ததும் அதே கணக்குச் சங்கிலியை வைத்துத்தான்.

சரி, நீங்கள் கூடுதல் பணம் கொடுக்கலாமா? என் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காது. குழந்தையின் தோலுக்காக மட்டும் என்றால் ஆர்கானிக் அவசியமில்லை. பஞ்சு நூலாகி, வெளுத்து, சாயமேறி, பல தடவை அலசி வரும்போது வயலில் அடித்த மருந்து பெரும்பாலும் போய்விடும். தோலுக்குத் தொந்தரவு வந்தால் பின்னால் சேர்க்கும் ரசாயனங்களால் வர வாய்ப்பு அதிகம். அதற்கு ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 லேபிள் போதும். மூன்று வயது வரையிலான குழந்தைகளின் துணிக்கு அதில் தனி வகுப்பு, வரம்பும் அதிகக் கண்டிப்பு. ஆனால் அது ஆர்கானிக் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்ட் என்ற இன்னொரு லேபிள் பஞ்சின் அளவை மட்டும் சொல்லும், சாயத்தையும் தொழிலாளியையும் தொடாது. விவசாயி, ஆறு, தையல்காரர் மூன்று பேருக்கும் சேர்த்துக் கொடுக்க நினைத்தால் காட்ஸ் பாருங்கள். அதிலும் 'ஆர்கானிக்' என்று மட்டும் இருந்தால் 95 சதவீதத்துக்கு மேல். 'மேட் வித்' என்று தொடங்கினால் 70-க்கு மேல். வெறுமனே இலைப் படம் போட்டு 'ஆர்கானிக் காட்டன்' என்று எழுதியிருந்தால், யாரிடமும் கேட்க வழியில்லாத பேச்சு அது. லேபிளில் உள்ள உரிம எண்ணை காட்ஸ் இணையதளத்தின் பொதுப் பட்டியலில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. எண்ணே இல்லை என்றால் கடைக்கு எழுதிக் கேளுங்கள். அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்னைப் போல ஒரு ஃபைல் மேடத்தின் மேஜைக்குத்தான் வரும். வந்த நாட்களில் புரொடக்ஷன்காரர்களிடம் காட்ட எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டையில் குழந்தைகளுக்கு அள்ளிக்கொண்டு வருவீர்கள். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய சட்டைகள், பிராண்டு லேபிளைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். ஆர்கானிக்கா என்று கேட்டால் "எல்லாமே ஆர்கானிக்தானுங்க அக்கா, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்பார்கள். டிசி கேட்காதீர்கள், சிரிப்பார்கள். துணி நல்ல துணியாகத்தான் இருக்கும், நானும் என் பையனுக்கு அங்கேதான் வாங்குவேன். போட்டுவிடுவதற்கு முன்னால் ஒரு தடவை அலசிவிடுங்கள்.